கிறீஸ் படாத மூட்டு

கண்ணிவெடி அகற்றும் எங்கள் நிறுவனம் குடாநாட்டில் தன் வேலையை முடித்துக்கொண்டு போகப்போகிறது. போகும்போது ஒரு நினைவு மலர் வெளியிடுகிறார்களாம். ஓய்வுபெற்ற ஆட்களிடம் கட்டுரை கேட்கிறார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தது. "அம்மா, சந்தோசமான அனுபவமாப் பாத்து எழுதித் தாங்கோ" என்றது. மரியாதையான பிள்ளை. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஆனால் சந்தோசமானதைத் தேடி எடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நட்ட மரங்களைப் பற்றியும், வந்துபோன வெளிநாட்டு விருந்தாளிகளைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். சாரதி ரஜனிக்கு நடந்ததை ஒருவரும் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் பாடு.

நான் மட்டுவிலைச் சேர்ந்தவள். போர் முடிந்து ஊர் திரும்பிய காலத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுகிற வேலை. கொஞ்சக் காலத்தில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. வேறு வேலை கேட்டேன். என்ன தெரியும் என்று கேட்டார்கள். அப்பாவின் உழவு இயந்திரத்தையும் தண்ணீர்ப் பம்பையும் நான்தான் கழற்றிப் பூட்டுவேன் என்றேன். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் வாகனம் திருத்துகிற எங்கள் வேலைத்தளத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாட்களில் நான் வாகனத்துக்கு அடியில் படுத்திருக்கும்போது ஆண்கள் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போய்விட்டது.

வேலைத்தளத்தின் பொறுப்பாளர் சிவபாதம் சேர். கொக்குவில்காரர். படித்துப் பட்டம் பெற்றவர், அதைவிடப் பெரிய விசயம், படித்ததைக் கையால் செய்யத் தெரிந்தவர். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் அவர் காட்டித் தந்ததுதான். அதை மறைத்து எழுதினால் மீதியை எழுத எனக்கு வாய் இருக்காது.

எங்கள் ஜீப்புகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பற்றைக்காட்டிலும் மணலிலும் ஓடுவதற்காக அவற்றின் உடம்பை அச்சிலிருந்து உயர்த்தியிருந்தார்கள். உயர்த்தினால் ஒரு சிக்கல் வரும். இயந்திரத்தின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டை நாங்கள் ஷாஃப்ற் என்போம். உயரம் கூடினால் அந்தத் தண்டு செங்குத்தாகச் சரியும். கம்பனி பூட்டி அனுப்பிய ஷாஃப்ற் அந்தச் சரிவைத் தாங்காது, அதிரும். அதனால் முன் ஷாஃப்ற்றைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய வேறொன்றைப் பூட்டியிருந்தார்கள். அதில் ஒரு மூட்டுக்குப் பதிலாக இரட்டை மூட்டு. நல்ல சாமான்தான். ஆனால் கவனிப்புக் கேட்கிற சாமான்.

கிறீஸ் அடிப்பது என்றால் பலருக்கு இளக்காரம். கிறீஸ் கன்னை வைத்து நாலு அமத்து அமத்தினால் முடிந்தது என்று நினைப்பார்கள். சேர் அப்படி விடமாட்டார். வாகனத்தைச் சமதரையில் நிறுத்திச் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். கியரைப் பொதுவில் விட்டு ஷாஃப்ற்றைக் கையால் சுழற்ற வேண்டும். கிறீஸ் போகிற நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை வைத்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவோம். மூட்டுக்குள் சிலுவை வடிவில் ஓர் உருக்குத் துண்டு இருக்கும். அதன் நாலு முனையிலும் நாலு மூடிகள். மெதுவாக அமத்த, நாலு மூடிகளிலும் பழைய கறுத்த கிறீஸ் பிதுங்கி வந்து, அதன் பின்னால் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் வேலை முடியவில்லை. ஷாஃப்ற்றை அந்தப் பக்கமாக நெம்பிப் பிடித்துத் திரும்பவும் அமத்த வேண்டும்.

இரட்டை மூட்டில் இன்னொன்று இருக்கிறது. இரண்டு சிலுவைகளுக்கும் நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு மூட்டுகளையும் நேரில் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதன் நிப்பிள் உள்ளே பதிந்து கிடக்கும். சாதாரண கன் அதில் உட்காராது. ஊசி போல ஒரு முனை பூட்ட வேண்டும். ஷாஃப்ற்றைச் சுழற்றிக்கொண்டு வரும்போது ஒரேயொரு நிலையில்தான் அந்தத் துளை கண்ணில் படும். தெரியாதவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பரவைக்கடல் ஓரத்து உப்புத் தரவை வெளியில் தண்ணீருக்குள் இறங்கி வந்த வாகனம் என்றால் அன்றைக்கே அந்தக் குண்டுக்குக் கிறீஸ் போயாக வேண்டும். உப்புத் தண்ணீர் நாளை என்று காத்திருக்காது.

நான் அடித்து முடித்ததும் சேர் வருவார். வெள்ளைச் சேட்டோடு குனிந்து, பிதுங்கி வந்த கிறீஸில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கும் இடையில் தேய்ப்பார். மண் நெருடினால், "திரும்பச் செய்யுங்கோ" என்பார். நெருடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சத்தம் போட்டதும் இல்லை, புகழ்ந்ததும் இல்லை. ஒருநாள் ஒரு மூடியில் கிறீஸ் வராமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். களத்து முகாமிலிருந்து அதற்குப் பொறுப்பான பெரியவர் தொலைபேசியில் கத்துகிறார், வாகனம் ஏன் இன்னும் வரவில்லை என்று. சேர் நிதானமாகச் சொன்னார், "வாகனம் இன்னும் ஆயத்தமில்லை." சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார். என்னை அவசரப்படுத்தவும் இல்லை. அந்த மனிதருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் வந்த கோபம் இவ்வளவு பெரிதாக வந்ததற்கு அந்தப் பெருமைதான் காரணம்.

பிறகு தலைமை அலுவலகத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். வழங்கல் பகுதிக்கு ஒரு புது அதிகாரி வந்தார். களத்து ஜீப்புகளை இனி நகரத்தில் வாகனம் திருத்தும் கராச் ஒன்று பார்க்கும் என்று ஒப்பந்தம் செய்தார். எங்களுக்கு உழவு இயந்திரங்களும் மின்பிறப்பாக்கிகளும் மிஞ்சின. அந்தக் கராச்காரர் காரும் வானும் திருத்திப் பழகியவர்கள். கண்ணில் தெரிந்த நிப்பிளுக்கெல்லாம் கிறீஸ் அடித்தார்கள். நடுக் குண்டுக்கு அடிக்க அவர்களிடம் ஊசிமுனையே இருக்கவில்லை. சேர் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார் என்பதும் உண்மை. தேவையில்லாத விசயத்தில் தலையிட வேண்டாம் என்று அந்த அதிகாரி முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டார். அதோடு சேர் வாயை மூடிக்கொண்டார்.

ரஜனி அம்புலன்ஸ் ஜீப்பின் சாரதி. களத்தில் யாருக்கும் காயம் பட்டால் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்காக ஒதுக்கிய வாகனம் அது. அவள் உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். தகப்பனின் வெங்காய மூட்டைகளை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் சந்தைக்கு ஏற்றிப்போய் வாகனம் ஓடப் பழகியவள். ஜீப்பை எப்போதும் வெளிப்பாதையைப் பார்த்துத்தான் நிறுத்துவாள். வேலையில்லாத நேரத்திலும் அதை விட்டு அதிக தூரம் போகமாட்டாள்.

ஒரு நாள் ஏதோ சாமான் எடுக்க வேலைத்தளத்துக்கு வந்தவள், நேரே சேரின் மேசைக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்று சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

"சேர், மெதுவா ஓடேக்கை கீழை புலுனிக் குஞ்சு கத்துற மாதிரி ஒரு சத்தம் வருகுது" என்றாள்.

கராச்சில் சொன்னீர்களா என்று சேர் கேட்டார். இரண்டு தரம் சொன்னதாகவும், கிறீஸ் அடித்தாயிற்று என்று அவர்கள் திருப்பி அனுப்பியதாகவும் அவள் சொன்னாள்.

நான் குறுக்கிட்டேன். "நடுக் குண்டுக்கு அடிச்சிருக்கமாட்டினம் சேர். அவையிட்டை ஊசிமுனை இல்லை."

"எனக்குத் தெரியும்" என்றார் சேர்.

தெரியும் என்று சொன்ன மனிதர் கதிரையை விட்டு எழும்பவில்லை. ரஜனி வெளியே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊசிமுனையை எடுத்துக் கன்னில் பூட்டிக்கொண்டு ஜீப்புக்குக் கீழே போய்ப் படுத்தேன். மூட்டின் ஓரத்தில் மிளகாய்த்தூள் மாதிரிச் செந்தூள் கசிந்து கிடந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் வெறுமையாகத் தேய்ந்தால் வருகிற துரு அது. துளையைத் தேடி நான் ஷாஃப்ற்றைச் சுழற்றும்போது பக்கத்தில் சேரின் சப்பாத்து தெரிந்தது.

"யோகேஸ்வரி, வெளியிலை வாங்கோ."

வந்தேன். கன்னிலிருந்து ஊசிமுனையைத் தன் கையாலேயே கழற்றினார்.

"ஒப்பந்த வாகனத்திலை நாங்கள் கை வைச்சால் பிறகு எல்லாப் பிழையும் எங்கடை தலையிலைதான் விழும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போனவர் மாதிரிச் சொன்னார். ஊசிமுனையைக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். தான் அந்தக் கராச்சோடு கதைப்பதாக ரஜனியிடம் சொல்லி அனுப்பினார். கதைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஜீப் அதே சத்தத்தோடு களத்துக்குப் போனது. வேறு ஜீப் கேட்டு ரஜனி முகாமிலும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வேறு வாகனம் இல்லை என்றார்களாம்.

அடுத்த மாதம் ஒரு காலை, களத்தில் சுகந்தி என்ற பணியாளர் பிள்ளையின் காலடியில் கண்ணிவெடி வெடித்தது. மருத்துவ உதவியாளர் கட்டுப்போட்டு அவளை ஜீப்பில் ஏற்றினார். களத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற பாதை முழுதும் மணல். நாலு சில்லும் இழுக்கிற கியரைப் போட்டு ரஜனி ஓடினாள். பாதி வழியில் கீழே பெரிய அடி ஒன்று விழுந்தது. நடுக் குண்டு உடைந்து, மூட்டுக் கழன்று, சுழன்றுகொண்டிருந்த ஷாஃப்ற் கியர்ப் பெட்டியைப் பிளந்துவிட்டது. எண்ணெயெல்லாம் மணலில் கொட்ட ஜீப் நின்றது.

மற்ற வாகனம் வரத் தாமதமாகும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். ரஜனி காத்திருக்கவில்லை. ஸ்ரெச்சரின் தலைமாட்டை அவளும் கால்மாட்டை மருத்துவ உதவியாளரும் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார்கள். புதைந்த செருப்பை அவள் அப்படியே விட்டுவிட்டாள். பெரிய ரோட்டில் கருவாட்டு மூட்டை ஏற்றிவந்த லொறியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் சுகந்தியைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். முந்தியே வந்திருந்தால் முழங்கால் மிஞ்சியிருக்குமா என்று தாய் கேட்டதற்கு, அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். எனக்கும் அது தெரியாது. தெரியாததை நான் எழுதப்போவதில்லை. அந்த ஜீப் நிற்காமல் போயிருக்க முடியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜீப்பை இழுத்துக்கொண்டு எங்கள் வேலைத்தளத்துக்குத்தான் வந்தார்கள். நான்தான் மூட்டைக் கழற்றினேன். சேர் பக்கத்தில் நின்றார். கிண்ணத்தைத் திறந்ததும் செந்தூள் கொட்டியது. கிறீஸின் பசை மருந்துக்கும் இல்லை. குண்டு பாதியாகத் தேய்ந்து உடைந்திருந்தது. சேர் வழக்கம்போலக் குனிந்து அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர்ப் பைப் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் வழங்கல் அதிகாரி, முகாம் பெரியவர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர். ரஜனிமேல் இரண்டு குற்றங்கள். மணல் பாதையில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடினாள், வாகனத்தில் சத்தம் இருப்பதை அறிவிக்கவில்லை. ஒப்பந்தம் செய்தவரே நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது.

முதல் குற்றத்துக்கு ரஜனி ஒளிக்காமல் பதில் சொன்னாள். "வேகமா ஓடினது உண்மை. பின்னாலை பிள்ளை ரத்தம் போய்க்கொண்டு கிடந்தது."

இரண்டாவதுக்கு, கராச்சிலும் முகாமிலும் சொன்னதாகச் சொன்னாள்; பதிவு ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். சத்தத்தைப் பற்றிச் சிவபாதம் சேரிடமே நேரில் சொன்னதாகச் சொன்னாள். எல்லாரும் சேரைப் பார்த்தார்கள். சாரதி உங்களிடம் சொன்னாரா என்று தலைமை அலுவலகத்துக்காரர் கேட்டார். சேர் மேசையைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அது முழுப்பொய், நேருக்கு நேர் நின்று மறுத்திருப்பேன். ஞாபகமில்லை என்பது படித்த மனிதர் கண்டுபிடித்த ஒளிப்பிடம். தன்னையும் காப்பாற்றி, பொய்யும் சொல்லாமல், ஒரு பெண்ணின் சோற்றில் மண் போட அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. ஒரு மூடியில் கிறீஸ் வரவில்லை என்று முகாமையே காக்க வைத்தவர் அவர்.

நான் எழுந்தேன். "எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பக்கத்திலை நிண்டனான். ரஜனி சொன்னவ. நடுக் குண்டுக்குக் கிறீஸ் போகேல்லை எண்டு நானும் சொன்னன். தெரியும் எண்டு சேர் சொன்னவர். நான் அடிக்கப் போகேக்கை ஊசிமுனையை வாங்கிப் பூட்டி வைச்சவர்."

உடைந்த பாகத்தை விளக்க மட்டும்தான் என்னை அழைத்ததாக வழங்கல் அதிகாரி சொன்னார். சரி, விளக்குகிறேன் என்று பையிலிருந்த உடைந்த மூட்டினை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். செந்தூள் மேசை விரிப்பில் சிந்தியது. அதை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. கடைசியில் முகாம் பெரியவர்தான் ஒரு பேப்பரில் சுற்றிக் கீழே வைத்தார். சேர் தலை நிமிரவே இல்லை.

ரஜனியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குற்றத்தை மேலும் இறுக்குவதற்குக் காயம்பட்ட பிள்ளையின் வாக்குமூலம் வேண்டியிருந்தது. அவர்கள் போன நேரம் நான் ஆஸ்பத்திரியில் சுகந்திக்குப் பக்கத்தில் இருந்தேன். அலுவலகத்து ஆள் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தார். சாரதியின் கவனயீனத்தால் தனக்குத் தாமதம் ஏற்பட்டது என்று இருந்தது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உதை ஆர் எழுதினது?" என்றாள்.

அலுவலகத்தில் தயாரித்தது என்றார் அவர்.

"என்னை மணலுக்குள்ளாலை தூக்கிக்கொண்டு வந்தவ ரஜனி அக்கா. தார் ரோட்டிலை அவவின்ரை உள்ளங்கால் வெந்து போச்சு. உதிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்த வாட்டில் கால் இழந்து படுத்திருந்தவளுக்கு இருந்த துணிவு அந்த அலுவலகம் முழுவதிலும் இருக்கவில்லை.

அதன்பிறகு குற்றத்தைக் கைவிட்டார்கள். ஆனால் ரஜனியின் வேலை ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆட்குறைப்பாம். அந்தக் கராச்சுக்கு ஜீப்புகள் போவதும் சத்தமில்லாமல் நின்றுபோனது. எல்லாம் எங்களிடமே திரும்பி வந்தன. ஒரு காலை நான் வேலைக்குப் போனபோது என் மேசையில் ஊசிமுனை கிடந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் அதைப் பூட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சேரோடு வேலைக்கு வேண்டிய சொற்களுக்கு மேல் நான் கதைத்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலையும் பொன்னாடையுமாக விழா நடந்தது. தொழில் நேர்மைக்கு இவர் உதாரணம் என்று வழங்கல் அதிகாரி ஒலிபெருக்கியில் பேசியது வெளியே கேட்டது. நான் ஒரு ஜீப்புக்குக் கீழே படுத்திருந்தேன். எழும்பி வரும்படி ஆள் அனுப்பினார்கள். கையெல்லாம் கிறீஸ் என்று சொல்லி அனுப்பினேன்.

ரஜனிக்கு வேறு நிறுவனங்களிலும் சாரதி வேலை கிடைக்கவில்லை. விசாரணை நடந்த ஆள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்விடும். கடன்பட்டு ஒரு பழைய வான் வாங்கி இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறாள். சுகந்தி செயற்கைக் காலோடு நடக்கிறாள். அவளுடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கார் கொண்டுவந்திருந்தார்கள். அவள் ரஜனியின் வானில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நின்றாள், போனாள்.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவின் பிதிர்க்கடனுக்காகத் தம்பியோடு கீரிமலைக்குப் போயிருந்தேன். கேணியிலிருந்து ஈர வேட்டியோடு படியேறி வந்தவர் என்னைக் கண்டு நின்றார். சிவபாதம் சேர். மெலிந்துபோயிருந்தார். சுகம் விசாரித்தார், முழங்கால் எப்படி என்று கேட்டார். பிறகு வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அண்டைக்கு நான் சொல்லியிருக்கலாம், யோகேஸ்வரி."

இந்த வார்த்தை வந்தால் மனம் ஆறும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆறவில்லை. இன்னும் மூண்டது.

"என்னட்டை ஏன் சேர் சொல்லுறியள்? ரஜனியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். உரும்பிராயில் அதே வீட்டில்தான் என்று சொல்லி, எந்த ஒழுங்கையால் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"ஓம், போறன்" என்றார்.

அதற்குப் பிறகு ரஜனியைக் காணும்போதெல்லாம், சேர் வந்தவரா என்று கேட்பேன். "விடுங்கோ அக்கா" என்று சிரிப்பாள். நான் விடுவதாக இல்லை. ஒரு வருடமாகப் போகிறது. அவர் வீடு கொக்குவிலில். கொக்குவிலுக்கும் உரும்பிராய்க்கும் நடுவில் கடல் ஒன்றும் கிடக்கவில்லை.